கதவு மூடும் அந்த நிமிடம்: பேக்கிங் கூடுகைக்குப் போக ஆசை, விமானம் ஏறப் பயம்

ஈரமாவு | திங்கள், இரவு 10.42

அனைவருக்கும் வணக்கம். ஒன்பது ஆண்டுகளாக ரொட்டி, கேக் குறிப்புகள் எழுதி வருகிறேன். அதே காலத்தில் எழுத வந்த ஏழு வலைப்பதிவர்களோடு தினமும் பேச்சு உண்டு. ஒருவர் மாவு ஏன் பொங்கவில்லை என்று கேட்டால் இன்னொருவர் நள்ளிரவிலும் பதில் எழுதுவார். ஆனால் ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை. இப்போது அவர்களில் மூத்த அக்கா மலையில் பெரிய சமையலறையுள்ள ஒரு வீட்டை நான்கு நாட்களுக்கு எடுத்து, எங்கள் எல்லோரையும் அழைத்திருக்கிறார். குரோசான் மாவு அடுக்குவது, விறகு அடுப்பில் ரொட்டி சுடுவது என்று நாள்வாரியாகத் திட்டமும் அனுப்பிவிட்டார். அதில் இரண்டாம் நாள் காலை புளித்த மாவு ரொட்டி. சொல்லித்தருபவர் என்ற இடத்தில் என் பெயர். அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை.

போய்ச் சேர விமானத்தில் இரண்டு மணி நேரம், பிறகு மலைச்சாலை. நான் விமானம் ஏறி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. கடைசிப் பயணத்தில் நெஞ்சை யாரோ இறுக்கிப் பிடித்ததைப் போல இருந்தது. விரல்கள் மரத்துப்போயின. இதோடு உயிர் போய்விடும் என்றே நம்பினேன். பக்கத்து இருக்கைக்காரர் என்னவென்று கேட்டபோது வாய் திறந்து பதில் சொல்லக்கூட முடியவில்லை. இறங்கியதும் இதயத்தைப் பரிசோதித்த மருத்துவர் ஒரு குறையும் இல்லை என்றார். அதன்பின் நான் ஏறவே இல்லை.

எத்தனையோ அழைப்புகளுக்கு வேலை இருக்கிறது, உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லித் தப்பித்திருக்கிறேன். இந்த ஏழு பேரிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். பயணத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. இப்படி அஞ்சி, பிறகு போய்வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

கல்லடுப்பு | திங்கள், இரவு 11.15

ஏழு நண்பர்கள், நீங்களும் சேர்ந்து எட்டுப் பேர் என்று புரிந்துகொண்டேன். கேட்கவே ஆசையாக இருக்கிறது! ரயில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நாள் முன்னதாகக் கிளம்பினால் போதும். விமானத்தில் போனால்தான் ரொட்டி வேகும் என்று யார் சொன்னது? நான் எங்கே போனாலும் ரயில்தான்.

நடுவானம் | செவ்வாய், காலை 6.30

நான் பதினோரு ஆண்டுகள் விமானப் பணிப்பெண்ணாக இருந்தவள். ஒவ்வொரு பயணத்திலும் உங்களைப் போல ஒருவராவது இருப்பார். கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருக்கும் விதத்திலேயே தெரிந்துவிடும். எனவே முதலில் இதைக் கேளுங்கள்: உங்களைப் போன்றவர்கள் அரிதானவர்கள் அல்ல.

பயணிகளை அதிகம் பயமுறுத்துவது ஓசைகள்தான். மேலே எழும்பிய சிறிது நேரத்தில் காலடியில் 'தடால்' என்று கேட்கும்; சக்கரங்கள் உள்ளே மடங்கி, மூடிகள் சாத்திக்கொள்ளும் சத்தம் அது. ஏறத்தாழ 1,000 அடி, 1,500 அடி உயரம் வந்ததும் இன்ஜினின் இரைச்சல் சட்டென்று தணியும். உடம்பு கீழே அமிழ்வது போலத் தோன்றும். புறப்படும்போது கொடுத்த உந்துவிசையை விமானி குறைக்கிறார், அவ்வளவுதான். விமானம் அப்போதும் ஏறிக்கொண்டுதான் இருக்கும். பலர் கண்ணை மூடிக்கொண்டு அழுவது அந்த நொடியில்தான். 'டிங்' என்ற மணியோசை பெரும்பாலும் நாங்கள் ஒருவரையொருவர் அழைக்கும் வழக்கமான சமிக்ஞை.

குலுக்கலைப் பற்றி: இறக்கைகள் வளைவதற்கென்றே செய்யப்பட்டவை. பறக்கும் காலத்தில் வரக்கூடிய அதிகபட்சச் சுமையைப் போல ஒன்றரை மடங்கைத் தாங்குமா என்று சோதித்த பிறகே ஒரு புதிய வகை விமானத்துக்கு அனுமதி கிடைக்கும். இடுப்பில் பெல்ட் இருந்தால் குலுக்கல் தொந்தரவுதான், ஆபத்து மிகக் குறைவு. இறக்கைக்கு அருகில் இடம் கேளுங்கள். அங்கே ஆட்டம் குறைவாகத் தெரியும். காலை விமானமாகப் பாருங்கள். வெயில் ஏறித் தரை சூடானபின் மேலெழும் காற்றுதான் பிற்பகல் குலுக்கல்களுக்கு ஒரு முக்கியக் காரணம்.

பொறுமை | செவ்வாய், காலை 9.05

பதற்றக் கோளாறு உள்ளவர்களோடு ஆற்றுப்படுத்துநராக வேலை செய்கிறேன். நடுவானம் எழுதியது ஒவ்வொன்றும் பயனுள்ளது. ஆனாலும் யோசனை எதுவும் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி. ஈரமாவு, அந்தப் பயணத்தில் பயம் சரியாக எந்த நிமிடத்தில் தொடங்கியது? மேலே எழும்பும்போதா, குலுங்கும்போதா, வேறு எப்போதாவதா?

ஈரமாவு | செவ்வாய், பகல் 1.20

யாரும் இதுவரை இப்படிக் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தேன். விமானம் அப்போது தரையில்தான் நின்றது. கதவை இழுத்துச் சாத்தினார்கள். கைப்பிடியைத் திருப்பும் சத்தம் கேட்டது. இனி நினைத்தாலும் இறங்க முடியாது என்ற எண்ணம் வந்ததும் தொண்டை வறண்டது. விழுந்து நொறுங்கிவிடும் என்ற பயம் எனக்கு வந்ததே இல்லை! அதனால்தான் விமானப் பயணம்தான் மிகவும் பாதுகாப்பானது என்று யார் சொன்னாலும் என் மனம் கொஞ்சமும் அசையவில்லை. கல்லடுப்பு, நீங்கள் சொன்ன ரயிலை நினைத்துப் பார்த்தபோதும், நிற்காமல் ஓடும் இரவு ரயில் என்றால் அதே இறுக்கம்தான் வருகிறது. லிப்டில் போவதையும் எப்போதோ விட்டுவிட்டேன். இப்போதுதான் இவையெல்லாம் ஒரே நூலில் கோத்தவை என்று தெரிகிறது.

பொறுமை | செவ்வாய், இரவு 8.40

பதிலுக்கு நன்றி. உங்கள் பயம் விமானத்தைப் பற்றியதல்ல. வெளியேற வழியில்லாத இடத்தில் உடம்பு படபடத்தால் என்ன செய்வது என்பதைப் பற்றியது. விபத்துப் புள்ளிவிவரம் உங்களுக்கு மருந்தாகாமல் போனது அதனால்தான்.

பீதி வரும்போது மூச்சு வேகமாகிறது. தேவைக்கு மேல் மூச்சு வாங்கினால் இரத்தத்தில் கரியமில வாயு குறையும். விரல் மரப்பதும் தலை கிறுகிறுப்பதும் அதனால்தான். மயங்கி விழுந்துவிடுவோம் என்று தோன்றும்; ஆனால் பொதுவாக மயக்கம் வர இரத்த அழுத்தம் விழ வேண்டும், பீதியிலோ அது ஏறுகிறது. பீதி பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டு, தானாக இறங்கத் தொடங்கும். உச்சத்தில் இருக்கும்போது எழுந்து ஓடிவிட்டால், 'ஓடியதால் பிழைத்தேன்' என்று மூளை எழுதி வைத்துக்கொள்கிறது. அது தானாகவே இறங்குவதைப் பார்க்கும் வாய்ப்பு மூளைக்குக் கிடைப்பதே இல்லை. ஏழு ஆண்டுகளாகப் பயம் தேயாமல் வளர்ந்ததற்கு இதுதான் காரணம்.

1924 ஆம் ஆண்டில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்ற சிறுவனின் பயத்தைப் போக்கியதை எழுதி வெளியிட்டார். குழந்தை தனக்குப் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூண்டிலிருந்த முயலைத் தூரத்தில் வைத்து, நாளுக்கு நாள் சிறிது சிறிதாக அருகில் கொண்டுவந்தார். கடைசியில் அவன் முயலைத் தடவிக்கொடுத்தான். படிப்படியாக நெருங்குவது என்ற அடிப்படையில்தான் இன்றும் நாங்கள் வேலை செய்கிறோம். உங்கள் முயல் மூடிய கதவு. ஆறு வாரத்தில் நிறைய நெருங்கலாம். லிப்டிலிருந்து தொடங்குங்கள்.

ஈரமாவு | செவ்வாய், இரவு 9.30

படித்துவிட்டுச் சமையலறையில் போய் நின்றேன். கேக் வேகும்போது, உள்ளே என்ன ஆகிறதோ என்று பதறி ஓவனைத் திறந்தால் நடு அமுங்கிவிடும். முட்டையும் மாவும் வெந்து இறுகும் வரை அது தன் எடையைத் தானே தாங்காது. புதிதாகக் கற்பவர்கள் எல்லோருக்கும் திறக்காதீர்கள் என்று எழுதி எழுதி என் கை தேய்ந்திருக்கிறது. ஏழு ஆண்டுகளாக நான் ஓவனைத் திறந்துகொண்டே இருந்திருக்கிறேன்.

சாளரம் | புதன், காலை 7.10

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தவறாக எண்ண வேண்டாம். விருந்துக்குப் போவது மகிழ்ச்சிக்காக. அதற்காக ஆறு வாரம் உடம்பையும் மனத்தையும் வதைத்துக்கொள்ள வேண்டுமா? வரவில்லை என்று அன்போடு சொன்னால் நல்ல நண்பர்கள் புரிந்துகொள்வார்கள். இல்லாவிட்டால் மருத்துவரிடம் கேட்டு ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டே போய்விடலாமே.

தூரத்திலிருப்பவள் | புதன், காலை 8.00

சாளரம், நீங்கள் அக்கறையோடுதான் சொல்கிறீர்கள். ஆனால் வரவில்லை என்று சொல்லிச் சொல்லியே வாழ்ந்தவள் நான். கூடப்பிறந்த தங்கையின் திருமணத்தைத் தொலைபேசித் திரையில்தான் பார்த்தேன். எல்லோரும் புரிந்துகொண்டார்கள். ஒருவர்கூடக் கடிந்துகொள்ளவில்லை. மணமேடையில் தங்கை என்னைத் தேடித் திரும்பிப் பார்த்தது மட்டும் கண்ணை விட்டு அகலவில்லை. ஈரமாவு, நீங்கள் போக வேண்டும் என்று வற்புறுத்த எனக்கு உரிமை இல்லை. போகாமல் இருப்பதற்கும் வலி உண்டு என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

பொறுமை | புதன், காலை 10.25

மாத்திரையைப் பற்றி. அதை மருத்துவரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்; நான் வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் இல்லை. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. விமானப் பயம் உள்ள பெண்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 1997 இல் வெளியானது. அல்பிரஸோலம் என்ற பதற்றம் தணிக்கும் மருந்தை எடுத்துக்கொண்டவர்கள் முதல் பயணத்தில் பயம் குறைந்ததாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து மருந்தில்லாமல் பறந்தபோது, மருந்தே எடுக்காதவர்களைவிட அவர்களுக்குத்தான் பீதி அதிகமாக வந்தது. முதல் பயணத்தில் மூளை எதையும் கற்றுக்கொள்ளவில்லை. மதுவை மட்டும் நாடாதீர்கள், அதிலும் இத்தகைய மருந்தோடு சேர்த்து ஒருபோதும் கூடாது.

சாளரம், இன்னொன்று. போகவே விருப்பமில்லாதவர் போகாமலிருப்பது அவர் முடிவு. இங்கே எழுதியவர் தன் பெயர் இருக்கும் வரியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்.

சாளரம் | புதன், காலை 11.00

அந்த வரியை நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன். உண்மைதான். போய்வாருங்கள் தோழி.

ஈரமாவு | வெள்ளி, இரவு 7.50

பதில் அனுப்பிவிட்டேன். வருகிறேன் என்று எழுதிவிட்டு, அதற்குக் கீழே நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் எழுதினேன். கதவு, லிப்ட், சொன்ன பொய்கள், எல்லாம். அனுப்பியபின் கை நடுங்கியது. பத்து நிமிடத்தில் அக்கா அழைத்தார். "இரண்டாம் நாள் காலையை வேறு யாருக்கும் தரமாட்டேன் கண்ணு. வர முடிந்தால் வா. பாதி வழியில் திரும்பினாலும் எனக்குச் சொல்லிவிட்டுத் திரும்பு, அது போதும்" என்றார். வாய்விட்டு அழுதுவிட்டேன்.

ஒரு காரியமும் செய்தேன். ரொட்டியைப் பொங்கவைக்கும் என் புளித்த மாவை, அதாவது ஸ்டார்ட்டரை, காகிதத்தில் மெல்லியதாகத் தடவி உலர்த்தி, பொடித்து, அவருக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன். இரண்டாம் நாள் காலையில் அது பொங்கித் தயாராக இருக்க வேண்டுமென்றால் அவர் முன்பே உயிர்ப்பிக்க வேண்டும். என் மாவு எனக்கு முந்திக்கொண்டு போய்விட்டது. இனி நான் போயாக வேண்டும்.

ஈரமாவு | மூன்றாம் வாரம், ஞாயிறு

பொறுமை சொன்னபடி பயத்துக்கு 0 முதல் 100 வரை எண் போடுகிறேன். மாவின் வெப்பநிலையையும் பொங்கும் உயரத்தையும் குறிக்கும் அதே நோட்டுப் புத்தகம். முதல் நாள் லிப்ட் ஒரே ஒரு மாடி: 80. ஐந்தாம் நாள் ஆறு மாடி ஏறி இறங்கியது: 45. எட்டாம் நாள் என்ன காரணமோ மீண்டும் 75. அன்று சோர்ந்துவிட்டேன்.

அடுத்து, சுழலும் நாற்காலியில் ஒரு நிமிடம் சுற்றிவிட்டுத் தலை கிறுகிறுக்க உட்காருவது. மெல்லிய குழல் வழியாக ஒரு நிமிடம் மூச்சு விடுவது. மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் செய்தேன். உடம்பின் அந்த உணர்ச்சிகள் ஆபத்தில்லை என்று பழகுவதற்காகவாம். முதல் முறை குழலைப் பிடுங்கி எறிந்துவிட்டேன். நான்காம் முறை ஒரு நிமிடம் முழுவதும் தாக்குப்பிடித்தேன். நேற்று, இடையில் நிற்காத பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையில் நாற்பது நிமிடம். உச்சம் 85, இறங்கும்போது 30.

நடுவானம், ஒன்று கேட்க வேண்டும். மூடிய கேபினில் காற்று தீர்ந்துவிடும் என்ற எண்ணம் போகவே மாட்டேன் என்கிறது. இன்னொன்றைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. பீதியில் என்னையும் அறியாமல் கதவைத் திறந்துவிட்டால்?

நடுவானம் | மூன்றாம் வாரம், ஞாயிறு

கூச்சமே வேண்டாம், இந்தக் கேள்வியை என் காதோடு கேட்டவர்கள் பலர். பறக்கும் உயரத்தில் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் கதவை அதன் சட்டத்தோடு அழுத்திப் பிடித்திருக்கும். எந்த மனிதரின் கைவலிமையாலும் அதைத் திறக்க முடியாது. உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது.

காற்று தீராது. வெளிக்காற்று இடைவிடாமல் உள்ளே வந்துகொண்டே இருக்கும். கேபினின் காற்று இரண்டு மூன்று நிமிடங்களுக்கு ஒருமுறை முழுவதுமாக மாறிவிடும். உள்ளே இருக்கும் அழுத்தம் அதிகம் போனால் 2,400 மீட்டர் உயர மலையில் நிற்பதைப் போன்றது. அதைவிட உயரத்தில் ஊர்களே இருக்கின்றன.

ஏறும்போது வாசலில் நிற்பவரிடம் "எனக்குப் பயம் உண்டு" என்று மூன்று சொல் சொல்லக்கூடத் தேவையில்லை, "பயமாக இருக்கிறது" என்றாலே போதும். நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

கல்லடுப்பு | ஐந்தாம் வாரம், வியாழன்

தபாலில் போன மாவு என்ன ஆயிற்று?

ஈரமாவு | ஐந்தாம் வாரம், வியாழன்

பிழைத்துவிட்டது! வெந்நீர் கூடாது, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து மாவு சேர்க்கச் சொன்னேன். மூன்றாம் நாள் குமிழி விட்டது. அக்கா தினமும் காலையில் ஜாடியைப் படம் எடுத்து அனுப்புகிறார். நேற்று அது மூடியைத் தொட்டு நின்றது.

ஈரமாவு | பயண நாள், காலை 6.48

விமான நிலையத்தில் இருக்கிறேன். 70. இதுவரை திரும்பிப் போகவில்லை.

தூரத்திலிருப்பவள் | பயண நாள், காலை 6.51

நாங்கள் எல்லோரும் இங்கேதான் இருக்கிறோம்.

ஈரமாவு | பயண நாள், இரவு 9.15

வந்து சேர்ந்துவிட்டேன். இந்த இழையைப் படிப்பவர்களுக்காக நோட்டிலிருந்து அப்படியே எழுதுகிறேன்.

7.30, இருக்கையில். 75. வாசலில் நின்ற பெண்ணிடம் சொன்னேன், அவர் என் தோளைத் தொட்டு, பெயரைக் கேட்டார். 7.41, கதவு. கைப்பிடி திரும்பும் அதே சத்தம். 95. விரல்கள் மரக்கின்றன. எழுந்து நிற்க வேண்டும் போல இருக்கிறது. 7.45, 95. எழுத்து கோணல்மாணலாகப் போகிறது. மூச்சை அடக்கவும் இல்லை, துரத்தவும் இல்லை, வெளிவிடும் மூச்சை மட்டும் நீட்டிக்கொண்டேன். 7.50, 90. 7.54, 70. இந்த எழுபதை எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எதுவுமே செய்யவில்லை, தானாக இறங்கியிருக்கிறது. இந்த ஏழு ஆண்டுகளில் இப்படி ஓர் எழுபது வரை நான் காத்திருக்கவே இல்லை.

8.05, மேலே. 'தடால்' சத்தம் கேட்டது, சக்கரம் என்று எழுதினேன். 60. இரைச்சல் தணிந்தது, 80 வரை ஏறி 50க்கு வந்தது. நடுவே குலுங்கியபோது மறுபடி 75. இறங்கும்போது 25.

மலைச்சாலையில் பயம் இல்லை, குமட்டல் மட்டும்தான். வீட்டு வாசலில் ஏழு பேரும் மாவு ஒட்டிய கைகளோடு நின்றார்கள். யாரும் பயணம் எப்படி இருந்தது என்று கேட்கவில்லை. அக்கா நேராக ஜாடியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்.

ஈரமாவு | திரும்பிய மறுநாள், மாலை 4.30

நான்கு நாட்களைப் பற்றி எழுதினால் இந்த இழை போதாது. ஒன்றிரண்டு மட்டும். வீடு ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில். அங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, காற்றழுத்தம் குறைவதால் மாவும் விரைவாகப் பொங்குகிறது. என் வீட்டுக் கணக்கில் விட்டிருந்தால் ரொட்டி தட்டையாகிப் போயிருக்கும். விரலால் அழுத்திப் பார்த்து, குழி மெதுவாக மேலெழுந்து பாதியில் நின்றதும் அடுப்பில் வைத்தோம். எட்டு ரொட்டி. வெட்டும்போது எட்டுப் பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம்.

குரோசான் மாவை மூன்று மடிப்பாக மூன்று முறை மடித்து, 27 வெண்ணெய் அடுக்கு எடுத்தோம். மூன்றாம் முறை வெண்ணெய் இளகிக் கிழிந்தது. குளிரில் வைத்துக் காத்திருந்து மறுபடி தொடங்கினோம்.

திரும்பும் பயணம் எளிதாக இருந்தது என்று சொல்லமாட்டேன். கதவு மூடியபோது மீண்டும் 90. ஆனால் அப்போது நடுவானம் எழுதியது நினைவுக்கு வந்தது. கேபினின் காற்று மலையின் காற்றைப் போன்றது என்றீர்களே. ஏறக்குறைய அதே காற்றில்தான் நான்கு நாள் மாவு பிசைந்தேன், சிரித்தேன், மாடிப்படியில் ஓடினேன். காற்று தீர்ந்துவிடும் என்ற எண்ணம் இந்த முறை வந்து நிற்க இடமில்லாமல் போய்விட்டது. ஏழாவது நிமிடத்தில் 60.

பொறுமை | திரும்பிய மறுநாள், இரவு 8.10

படிக்கும்போது கண் கலங்கிவிட்டது. ஒரு வேண்டுகோள். லிப்டையும் பஸ்ஸையும் விட்டுவிடாதீர்கள். இரண்டு மூன்று மாதத்துக்குள் இன்னொரு பயணத்துக்கும் வழி பாருங்கள். இடைவெளி நீண்டால் பழைய பயம் தலைதூக்கக் கூடும். தூக்கினாலும் பெற்றதை இழந்ததாகப் பொருளில்லை.

ஈரமாவு | திரும்பிய மறுநாள், இரவு 8.35

தொடர்கிறேன். பாதி ஸ்டார்ட்டரை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அக்கா ஜாடியில் என் பெயரை எழுதி ஒட்டி, அடுத்த முறை வரும் வரை வளர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

தூரத்திலிருப்பவள் | மூன்று நாள் கழித்து, இரவு 9.50

இன்று லிப்டில் ஐந்தாவது மாடி வரை போனேன். ஏறும்போது 85. கதவு திறந்ததும் இறங்கி ஓடாமல், உள்ளேயே நின்று அதே லிப்டில் கீழே வந்தேன். 60.

ஈரமாவு | மூன்று நாள் கழித்து, இரவு 9.53

நோட்டில் எழுதிவைத்தீர்களா?

தூரத்திலிருப்பவள் | மூன்று நாள் கழித்து, இரவு 9.58

எழுதிவிட்டேன். நாளைக்கும் ஒரு வரி விட்டு வைத்திருக்கிறேன்.